ஏழாம் இலக்கக் கதவு

பூர்க்டோர்ஃபில், நாங்கள் இருக்கிற கட்டடத்தில்
மேற்குப் பார்த்து எட்டுக் கராஜ்.
ஏழாவதின் கதவு மட்டும் நிறம் கெட்டுக் கிடக்கிறதாம்.
மாதம் முடிய முன் சரிசெய்க,
தவறினால் ஆள் வைத்துச் செய்துவிட்டுக்
கணக்கை உங்களுக்கு அனுப்புவோம்.
நல்ல தடித்த தாள்.
ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தோம்.

"சுவிஸில் எங்க வெயில்?" என்று
ஊரில் இருந்து ஃபோனில் சிரிக்கிறார்கள்.
வந்து பார்க்கட்டும்.
ஜூலையில் மூன்று மணிக்கு அந்த இரும்பில் ஏறும் சூரியன்
எம்மெ ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழும்வரை
இறங்காது.

சனிக்கிழமை காலை, கதவு நிழலில் இருக்கும்போதே போனேன்.
விரலை வைத்து இழுத்தேன்.
நீலம் கலந்த வெள்ளை. திருநீறு மாதிரி,
பக்தி மட்டும் இல்லை.
"பெயின்ட் வெயிலில் வெந்தால் பொடியாகும்" என்றார்
எட்டாம் இலக்கத்து ஸ்பிண்டென்.
அவர் பொடியைக் கழுவாமல் மேலால் புதிதாக அடித்து,
அடுத்த மார்கழியில் அது தோலாக உரிந்து,
இரண்டாம் தரமும் அடித்தவர்.
ஆகையால் எல்லாம் தெரிந்தவர்.

அந்தப் பொடியை எனக்கு முன்னமே தெரியும்.

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை எனக்கு.
பீற்றூட், அயடின், லிப்ஸ்டிக்,
எந்தக் கறை எங்கே உட்கார்ந்து எழும்பியது என்று
மணந்தே சொல்வேன்.
இவருடைய கறுப்புக் கோட்டின் வலது தோளில்
மூன்று குளிர்காலமாக ஒரு வெளிறிய கீற்று.
துலக்கினால் போகும். வியாழக்கிழமை திரும்பி வரும்.
பஸ் சீற்றாக இருக்கும் என்றார்.
வேலைத்தளத்துச் சுண்ணாம்பு என்றார்.
நான் ஓம் என்றேன்.

கதவின் இடப்பக்கம், பூட்டுக்கு மேல்,
ஒரு தோள் அகலத்துக்கு நீலம் துலங்கியிருந்தது.
ஒரு ஆள் சாய்ந்து சாய்ந்து
தன்னை அறியாமல் பொலிஷ் பண்ணிய இடம்.
கீழே, தண்ணி ஓடும் கானின் கம்பிக்குள்
சிகரெட் அடிக்கட்டைகள்.
நான் எண்ணவில்லை.
இருபத்திமூன்று.
ஸ்டென்ட் வைத்த அன்று டொக்டருக்கும் எனக்கும்
இரண்டு மொழியில் சத்தியம் செய்தவர்.

வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணி, சவர்க்காரம் கொஞ்சம்.
கீழ் விளிம்புப் பாசிக்கு வினாகிரியும் பழைய பிரஷும்.
கம்பிச்சுருள் மட்டும் வேண்டாம்,
கீறினால் துரு உள்ளே குடியேறும் என்றார் ஸ்பிண்டென்,
கேட்காமலே, மூன்றாம் முறை.
காய விட்டேன்.
பிறகு காருக்குப் போடும் பொலிஷ்.
ஒரு மூலையில் போட்டுப் பார்த்து,
ஒரு தகட்டை முடித்து அடுத்த தகடு.
முதலில் துணிதான் நீலமாகிறது.
கதவு நீலமாக நேரம் எடுக்கும்.
முழங்கை வலித்தது.
கோபம் கைக்குள் இறங்கினால் வேலை சுத்தமாக நடக்கும்,
துணி தோய்க்கிறவளுக்குத் தெரியாதா.

கடைசியாக மெழுகு.
மெல்லிசாகப் பூசி, மங்கினதும் துடைக்க வேண்டும்.
பூசினால் ஒரு வருஷத்துக்கு வெயில் தொடாது,
பொடி உதிராது,
கையில் ஒட்டாது, கோட்டிலும்.

அங்கே நின்றுவிட்டேன், டின்னும் கையுமாக.
எனக்கென்று இருந்த ஒரே சாட்சி
இந்தக் கதவு.

"இன்னும் பாதி இருக்கு" என்றார் ஸ்பிண்டென்.

முழுக்கப் பூசினேன்.

இரவு, சோற்றுக்குக் குழம்பு விடும்போது சொன்னேன்:
"கராஜ் கதவு இறுக ஒரு நாள் வேணும்.
அதுவரைக்கும் சாயாதேங்கோ."
அவருடைய கை சோற்றுக்குள் நின்றது.
ஃப்ரிட்ஜ் ஒருக்கா உறுமி ஓய்ந்தது.
"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.
"இடப்பக்கம்" என்றேன்.
"பூட்டுக்கு மேல."