பாப்பாரப்பட்டிக்கு எப்ப பஸ்

தேர்வு வாக்கியங்களை நாங்களே எழுதினோம்.
மூக்கு வழியாகப் போகிற எழுத்து
ஒன்றுகூட இருக்கக் கூடாது.
அதனால் முதலில் அடிபட்டது எங்கள் ஊர்:
தர்மபுரியில் ஒரு ம.
பென்னாகரம், காரிமங்கலம், ஒகேனக்கல்,
எதுவும் தேறவில்லை.
அரூர் தேறியது. பாலக்கோடு தேறியது,
தன் தக்காளியோடு.
பாப்பாரப்பட்டி கிடைத்தபோது கிரேஸ்லின் கைதட்டினாள்.
இவ்வளவு வல்லினமான ஊர்
இந்தப் பக்கம் வேறு கிடையாது.

அண்ணம் பிளந்து பிறந்து
தைத்து மூடப்பட்ட பிள்ளைகள்
மைக்கைப் பார்த்துச் சொல்கிறார்கள்:
"பாப்பாரப்பட்டிக்கு எப்ப பஸ்?"
சிலர் வாயில் அது மாம்மாரம்மண்ணி.
அப்பா என்று கூப்பிட்டால்
அம்மா திரும்பிப் பார்க்கிற வீடுகள் அவை.
சிலர் வாயில் அப்படியா இல்லையா
என்று சொல்லத்தான் நாங்கள் மூன்று பேர்.
ஃபேனை நிறுத்திவிட்டு,
வியர்த்த காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு,
பூஜ்ஜியத்திலிருந்து நான்கு வரை
ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட.

சில பதிவுகள் இரண்டு தடவை வரும் என்று தெரியும்.
எவை என்று தெரியாது.
பதினான்காவதுக்கு நான் ஒன்று போட்டேன்.
முப்பத்தொன்றாவதுக்கு மூன்று.
இரண்டும் ஒரே பையன், ஒரே மூச்சு,
பின்னால் அதே லிஃப்ட் மணி.
மணியையாவது கவனித்திருக்கலாம்.

காரணங்கள் இருக்கின்றன.
பதின்மூன்றாவது குரல் மிக மோசம்,
அடுத்து வந்தவன் அதன் பக்கத்தில் தெளிந்து நின்றான்.
முப்பதாவது ஒரு சிறுமி, கண்ணாடித் தம்ளர் மாதிரி பேச்சு.
நடுவில் சாப்பாடு,
வீட்டிலிருந்து ஒரு ஃபோன்.

கிரேஸ்லின் இரண்டு முறையும் இரண்டு.
அவள் மார்த்தாண்டத்துக்காரி.
உங்கள் ஊரே மூக்கால்தான் பேசுகிறது என்று
வேலையில் சேர்ந்த வாரமே சொன்னவள்.
முனிரத்தினம் சார் இரண்டு முறையும் பூஜ்ஜியம்.
அவருடைய அண்ணனுக்கு இதே பேச்சு.
ஓசூரில் இருபது வருஷமாக ஹார்டுவேர் கடை,
ஆணி கேட்டவருக்கு ஆணிதான் கொடுத்திருக்கிறார்.

தன்னோடு தான் மாறாத இரண்டு பேர்,
ஒருவரோடொருவர் ஒத்துப்போகாமல்.
நடுவில் நான்,
என்னோடேகூட ஒத்துப்போகாமல்.

மூக்கின் கீழே பிடித்த சின்னக் கண்ணாடி பனித்தது.
பனித்ததை அது சொல்லும்,
எவ்வளவு என்று கேட்டால் வெறித்துப் பார்க்கும்.
அளக்கிற கருவி பெங்களூரில் இருக்கிறது.
இரண்டுக்கு மேல் போனால்
அந்தத் தொண்டையை மறுபடி திறப்பது பற்றிப் பேசுவார்கள்.

ஒன்றையும் மூன்றையும் கூட்டிப்
பாதியாக்கி எழுதச் சொன்னார்கள்.
இரண்டு என்று எழுதினேன்.
அந்த இரண்டை நான்
எந்த நேரத்திலும் கேட்கவில்லை.

பையன் பெயர் சென்றாயன்.
தேர்வில் அதைச் சொல்லச் சொல்ல மாட்டோம், இரண்டு ன்.
அந்தப் பெயர்
அவனைக் காட்டிக் கொடுப்பதில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
அவன் அப்பா தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தார்.
அவனாகக் கண்டக்டரிடம் நடந்து போய்
எங்கள் வாக்கியத்தைக் கேட்டான்.
அதற்கு ஒரு பதிலும் உண்டு என்பதே
எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"என்னது?" என்றார் கண்டக்டர்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
சேலம் சேலம் என்று ஒருவர் தகரத்தைத் தட்டினார்.
சத்தமா, அவர் காதா, இவன் மூக்கா,
எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியவில்லை.
எனக்குத் தெளிவாகக் கேட்டது.
ஆனால் நான் அந்த வாக்கியத்தை எழுதியவள்,
அவன் உதட்டை மட்டும் அசைத்திருந்தாலும்
கேட்டிருக்கும்.

அவன் குரலை உயர்த்தவில்லை.
அதையே, அதே மாதிரி, இன்னொரு தடவை.

"அஞ்சு அம்பது. ஏறி உக்காரு."

ஆறேகாலுக்குத்தான் எடுத்தார்கள்.