இரண்டாவது கோட்

கொட்டாஞ்சேனையில் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டை
விடிய ஆறு மணிக்குள் கட்டி முடிக்க வேண்டும்.
ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வான்கள் வந்துவிடும்.
ஏசிப் பெட்டிகளுக்குச் சாக்குப் போர்த்தினோம்.
போன் கடைப் பலகைக்கு மேல்
'சைக்கிள் லாம்பு எண்ணெய் கிடைக்கும்' என்று தொங்கவிட்டோம்.
ஒட்டுப்பலகை ட்ராமை
எட்டுப் பேர் பின்னால் நின்று தள்ளினார்கள்,
அதில் இரண்டு பேர் சம்பளமில்லாமல்,
ஆசைக்கு.

என் வேலை தொடர்ச்சி.
கோப்பையில் தேத்தண்ணி எந்த மட்டத்தில் நின்றது,
சுருட்டு எவ்வளவு எரிந்தது,
குடை எந்தக் கையில்.
முதல் ஷாட்டுக்கும் ஏழாம் ஷாட்டுக்கும் இடையில்
உலகம் மாறவில்லை என்று
சத்தியம் பண்ணுகிறவள் நான்.

கதை இதுதான்.
கப்பல் கம்பனிக் கிளாக்கர் எட்வர்ட் நல்லதம்பி
துரை வீட்டு விருந்துக்கு
பக்கத்துத் தெரு செபமாலைமுத்துவிடம்
கோட் இரவல் வாங்கிப் போகிறான்.
போன இடத்தில் செபமாலைமுத்துவும் நிற்கிறார்,
லோண்டரியில் ஒருநாள் வாடகைக்கு எடுத்த கோட்டில்.
அது துரையின் கோட்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மருதானை பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில்
கொண்டக்டர் மிச்சக் காசைச் சரியாகத் தந்தார்.
நூற்றுப் பதினாறில் புத்தகத்தை மூடிவிட்டேன்.
விருந்து முடிந்து நடந்து வரும் நல்லதம்பி
கோட்டின் உள்பைக்குள் கை விடுகிறான்.
செட்டியார் தெரு அடகுச் சீட்டு.
தாலிக்கொடி ஒன்று.
தவணை, போன மாதத்தோடு சரி.
அதற்குப் பிறகு நாலே வரி.
மடித்த மடிப்பிலேயே மடித்து
இருந்த இடத்திலேயே வைக்கிறான்.
அடுத்த நாள் திருப்பிக் கொடுக்கும்போது
"நல்ல கோட்" என்கிறான்.

டிரெக்டர் அந்தப் பக்கத்தை நீல மையால் வெட்டினார்.
"இது பகிடிப் படம், தங்கச்சி.
சனம் சிரிச்சுக்கொண்டு வீட்ட போகட்டும்."
கெட்டவர் இல்லை.
கமராவின் நாள் வாடகை அவருக்குத்தான் தெரியும்.

எழுதிய அம்மா ஒரு நாள் வந்தார்,
வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில்.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்து
ட்ராமை வெகுநேரம் பார்த்தார்.
வெட்டிய பக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.
கேட்டது ஒன்றுதான்:
"கோட்டுக்கு என்ன நிறம் குடுத்தனீங்கள்?"
ஒன்பது தரம் வாசித்தவளுக்குத் திக்கென்றது.
புத்தகத்தில் நிறமே இல்லை.
"மண்ணிறம், அம்மா."
"அப்ப மண்ணிறம்தான்" என்று
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று கோட் தைத்திருந்தோம்:
சுத்தமானது, தேத்தண்ணி கொட்டியது,
மழையில் நனைவதற்கு ஒன்று.
இந்தப் புழுக்கத்தில் நல்லதம்பியின் ஒட்டுமீசை
மூன்று தரம் கோப்பைக்குள் விழுந்தது.
நாலாம் தரம், துரையாக நடித்த பறங்கிக்காரர்
அதைக் கரண்டியால் தூக்கி
"சீனி காணுமா?" என்றார்.
அது படத்தில் இருக்கிறது.

கடைசி இரவு.
நல்லதம்பி வீடு திரும்புகிறான்.
வசனம் இல்லை, சிரித்துக்கொண்டே நடந்தால் போதும்.
இரண்டாவது கோட்.
நாலாய் மடித்த கடதாசி ஒன்றை
அதன் உள்பைக்குள் வைத்தேன்.
என் கையெழுத்து:
செட்டியார் தெரு. தாலிக்கொடி ஒன்று.

பாதி வழியில் அவர் கையை உள்ளே விட்டார்.
வியர்வை துடைக்க லேஞ்சி தேடினாரோ என்னவோ.
விரல் நின்றது.
சிரிப்பு முகத்திலேயே இருந்தது,
அதற்குள் ஆள் இல்லை.
பிறகு கை வெறுமையாய் வெளியே வந்தது.
நடந்தார்.

கட் சொல்ல டிரெக்டருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
"இன்னொரு டேக் போவம்.
பைக்குள்ள என்ன அது?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்:
இரண்டாவது கோட், உள்பை, சீட்டு, நாலு மடிப்பு.
"முதல் டேக்கில இருந்தது, சேர்" என்றேன்.
"இனி எல்லாத்திலயும் இருக்க வேணும்."