பதினோரு பெட்டிகள்

சிலோயே தீவில் மழை.
சால்மன் ஆலையின் சாப்பாட்டு அறையில்
வெள்ளைப் பலகையில் ஒரு மீன்முள் வரைந்தேன்.
தலையில் எழுதினேன்:
கெட்டுத் திரும்பிய பதினோரு பெட்டிகள்.

"முள் அப்படி இருக்காது"
என்றாள் எலியானா வென்ச்சூர்.
பத்தொன்பது வருடம் கத்தி பிடித்த கை.
எழுந்து வந்து, நான் நேராகப் போட்ட கோடுகளை
முழங்கையால் துடைத்து
வால் பக்கம் சாய்த்தாள்.
சிரித்தார்கள். நல்லது.
சிரித்தவர்கள் பேசுவார்கள்.

யார் என்று கேட்கக் கூடாது,
ஏன் என்று மட்டும்.
விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஏன் கெட்டது? ஐஸ் போதவில்லை.
ஏன்? இயந்திரம் மூன்று மணிக்கு நின்றது.
ஏன்?
ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

இரவுக் காவலர் நோல்பெர்த்தோ
தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"நான்தான் நிறுத்தினேன்.
சுவருக்கு அந்தப்புறம் இவர்கள்
இருபது நிமிடம் படுக்கிறார்கள்.
அந்த இரைச்சலில் எப்படிக் கண்ணயர்வது?"

யாரும் அவரைப் பார்க்கவில்லை.
அடுத்த ஏன் என் வாயில் இருந்தது.

ஜன்னலோரம் மேலாளர்
கைக்கடிகாரத்தைத் திருகினார்.
அவர் முதுகுக்குப் பின்னால்தான் தொங்கியது
இரட்டை ஷிப்ட் அட்டவணை,
போன மார்ச்சில் எங்கள் நிறுவனம் போட்டுக்கொடுத்தது.
மூலையில் சின்னதாக என் கையெழுத்து.

மார்க்கரை எடுத்தேன்.
மை வரவில்லை. உதறினேன். வரவில்லை.
உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி கூட.

எலியானா மேலங்கிப் பையிலிருந்து
பெட்டிகளுக்கு எண் போடும் நீலப் பேனாவை நீட்டினாள்.
"இதிலே எழுதுங்கள்.
உப்புத் தண்ணீரிலும் அழியாது."