மிஸ்ஸிங்

லூர்து ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றி மாட்டினான்.
ஒன்றைக் கழற்றினால் எஞ்சின் குலுங்கியது.
இரண்டுக்கு இருமியது.
நான்குக்கு நின்றே போகப் பார்த்தது.
மூன்றைக் கழற்றியபோது ஒன்றுமே ஆகவில்லை.
மறுபடி மாட்டினான். அப்போதும் ஒன்றுமே ஆகவில்லை.
"இதுதாங்க்கா உங்க மிஸ்ஸிங்."

கழனிவாசல் பட்டறை, காலை பத்து.
இன்ஜெக்டரை இறக்கி மதுரைக்கு அனுப்பினால்
பதினாலாயிரம், நாலு நாள்.
வண்டித் தவணை ஐந்தாம் தேதி.
இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் நின்றேன்.

அப்புறம் அவனே, பாதி மனசாக,
ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான்.
இருமல் மருந்து அளவு. ஐந்நூற்றி இருபது.
"இது சாமி இல்லக்கா.
கார்பன் அடைச்சிருந்தா கரைக்கும்.
நாசில் தேஞ்சிருந்தா கும்புட்டாலும் கேக்காது.
நாப்பது லிட்டருக்கு ஒண்ணு.
ரெண்டு ஊத்துனா ரெண்டு மடங்கு சுத்தம்னு நெனைக்காதீங்க."

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் புகை கூடியது.
பின்னால் வந்த பஸ்காரன் திட்டியதை
கண்ணாடியில் உதடு பார்த்துப் படித்தேன்.
இரண்டாம் நாள், செக்காலை ரோட்டு நெரிசலில்,
வண்டி நின்றும் ஸ்டியரிங் நடுங்கவில்லை.
டேஷ்போர்டில் வைத்த சில்லறை
வைத்த இடத்திலேயே இருந்தது.
ஒரு ரூபாய், ஒரு ரூபாய், ஐந்து.
சத்தம் போடாத சில்லறையை
அத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள்
புதுவயல் மில்லில் ஏற்றிய முப்பத்திரண்டு மூட்டைத் தவிட்டோடு
கோட்டையூர் தாண்டிச் செத்தது வண்டி.

லூர்துவைப் போனில் கிழித்தேன்.
முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னான்:
"கெட்டுப்போகலக்கா, சுத்தமாயிருக்கு.
டேங்க் அடியில கெடந்ததெல்லாம் கெளம்பி
ஃபில்டர்ல வந்து ஒக்காந்துருச்சு. மாத்துங்க, ஓடும்."
கொஞ்சம் நிறுத்தி,
"ஆனா பங்க் டீசல்ல இவ்ளோ வராதே."

பகல் ஓட்டம் எனக்கு.
இரவு ஓட்டம் தம்பி சொர்ணலிங்கத்துக்கு.
டீசல் அவன் பொறுப்பு, பில்லும் அவன் பொறுப்பு.
பில்லை எண்ணியிருக்கிறேன்.
டீசலை முகர்ந்ததில்லை.

தூக்கக் கண்ணோடு டிவிஎஸ்ஸில் வந்தான்,
சட்டைப் பையில் புது ஃபில்டர்.
பழையதைக் கழற்றி
பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்தான்.
டீத்தூள் மாதிரி ஒன்று இறங்கியது.
பிறகு துரு. பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில்,
தெளிவாக, குற்றமே இல்லாததுபோல்,
ஒரு விரல் உயரத் தண்ணீர்.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
தவிட்டு லாரி ஒன்று எங்களை ஆட்டிவிட்டுப் போனது.

"எட்டு மாசமாப் பேரல்லதான் புடிச்சேன்,"
பாட்டிலிடம் சொன்னான்.
"லிட்டருக்குப் பதினோரு ரூபா மிச்சம்.
பாதிய ஒந் தவணையிலதான் போட்டேன்."
"மீதி?"

கை பம்பை அழுத்த ஆரம்பித்தான்.
நுரை வந்தது. இன்னும் அழுத்தினான்.
"காத்து இருக்குக்கா. காத்து போனாத்தான் பிடிக்கும்."
சரி, போகட்டும் என்று நின்றேன்.
எண்ணினேன், இருபத்தாறு அழுத்து.
இருபத்தேழில் அவன் கை நின்றது.
"வனிதாவுக்கு வட்டி கட்டுனேன்," என்றான்.
வனிதா யார் என்று கேட்கவில்லை.
அது நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
கேட்க வேண்டிய கேள்வி.

சாவியைத் திருப்பினேன்.
முக்கியது, முனகியது, பிடித்தது.
எதையும் கழற்றாமல் காதால் எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மூன்று.

காரைக்குடி எல்லைவரை
டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்தான்,
வழக்கம்போல் ஒதுங்கி ஓட்டாமல்,
நேர் பின்னால்.
முகத்தில் புகை படவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்.