எழுபத்தெட்டுப் புள்ளி

தண்டர் பே. ஜனவரி, செவ்வாய் இரவு.
லூத்தரன் தேவாலயத்து நிலவறையில்
இருபத்தொரு பேர், ஒரு கோப்பிக் கேத்தல்,
வாசலில் கழற்றிய சப்பாத்துகளிலிருந்து
உருகி ஓடும் பனி.
நான் செயலாளர். கூட்டக் குறிப்பு என் பொறுப்பு.

தீர்மானம் இது:
சோதனையில் எழுபது எடுத்தவர்களுக்கும்
கடல் தாண்டும் அலைவரிசையில்
ஒரு கீற்றாவது திறந்துவிடும்படி
ஒட்டாவாவுக்குக் கடிதம் போடலாமா, கூடாதா.

இப்போதுள்ள விதி சின்னது.
எழுபது எடுத்தால் ஊரோடு கதைக்கலாம்.
எண்பது எடுத்தால் உலகத்தோடு.
நான் எடுத்தது எழுபத்தெட்டு.
படித்த பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர்
அதிவிசேட சித்தி.

டொய்வோ லாத்தினென் எழும்பினார்.
"நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல்
மோர்ஸில் தட்டித்தான் நாங்கள் உள்ளே வந்தோம்.
மோர்ஸை எடுத்தீர்கள், சரி.
இப்போது எண்பதையும் எடுங்கள்.
நாளைக்கு உரிமத்தை
கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டிக்குள் போட்டு விற்கலாம்."
சிரித்தார்கள்.
"சிரிப்பு" என்று எழுதினேன்.

டெனி பூஷே மரக்குற்றி லொறி ஓட்டுபவன்.
தொப்பியைக் கழற்றாமலே கதைத்தான்.
"லோங்லாக்கிலிருந்து ஹேர்ஸ்ட் வரைக்கும்
இருநூறு கிலோமீட்டர்.
கைபேசிக்குக் காது கிடையாது.
அங்கேயுள்ள ரிப்பீட்டர் கோபுரம்
நவம்பரில் உறைந்தால் மே மாதம்தான் முழிக்கும்.
உரிமம் என் பையில் இருக்கிறது.
அதை வைத்துக்கொண்டு
நான் லொறியோடு கதைக்கிறேன்."

"எண்பது அவ்வளவு கஷ்டமா?" இது மார்கரெட்.
"அறுபத்தாறு வயதில் எடுத்தேன்,
இரண்டு கண்ணிலும் புரையோடு."
கைதட்டல்.
அதையும் எழுதினேன். அவர் சொன்னது நியாயம்தான்.

இரண்டே இரண்டு புள்ளி.
திரும்ப எழுதியிருக்கலாம்.
ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்களுக்கு
ஆய்வுகூடத்தில் இரவு வேலை என்கிறேன்.
அது பொய்.
கோபம். வேறொன்றுமில்லை.

கேட்பதற்கு உரிமம் தேவையில்லை.
போன ஞாயிறு பதினாலு மெகாஹெர்ட்ஸில்
உருகுவேயிலிருந்து ஒரு மனிதர்
யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டார்.
இரைச்சலுக்குள் நூல்போல ஒரு குரல்.
இருமினார். பின்னால் ஒரு நாய் குரைத்தது.
பத்து நிமிடம்.
ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.
மைக்ரோஃபோனைக் கழற்றி
லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்,
என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால்.
"ஓம், கேட்குது" என்றேன்
வெறும் வாயால், வானொலிப் பெட்டியின் முகத்துக்கு.
அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார்.
பிறகு இரைச்சல் மட்டும்.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.
குறிப்பு எழுதுகிறவர் தன் கதையை எழுதக்கூடாது
என்று எந்த விதியிலும் இல்லை, ஆனாலும்.

வாக்கெடுப்பு: பத்துக்குப் பத்து.
தலைவர் என் பக்கம் திரும்பினார்.
"எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.

வாகனத் தரிப்பிடம். கழிய இருபத்தாறு.
கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறேன்.
ஆசனத்தில் கிடக்கும் கைவானொலிக்குள்
டொய்வோவும் டெனியும்
விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.
இது ஊர் ரிப்பீட்டர்,
எழுபதுக்கும் திறந்த கதவு.
என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்,
என் பெயர் சொல்லாமல்.

கையுறையோடு பொத்தானை அழுத்தி
என் அழைப்புக் குறியைச் சொன்னேன்.
"டொய்வோ, ஒரு கேள்வி.
அயன மண்டலத்தில் எந்த அடுக்கு
இரவானதும் இல்லாமல் போகும்?"
நான் பிழைவிட்டவற்றில் அதுவும் ஒன்று.

ரிப்பீட்டரின் வால் கிர்ரென்று இழுபட்டு நின்றது.
டெனி சிரிப்பது கேட்டது.
"பொறு" என்றார் டொய்வோ.
"பொறு, பொறு."