அரைக் கட்டி

வின்னிபெக்கில் கடல் வாளியில் வரும்.
வெள்ளை உப்பு, இருபது கிலோ,
மூடியைத் திறக்கப் பல்லும் நகமும் வேண்டும்.
அருகிலுள்ள கரைக்கே ஆயிரம் கிலோமீட்டர்,
அதுவும் இப்போது உறைந்து கிடக்கும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் மட்டும் இருபத்தைந்தரை பாகை:
இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங்,
நுனியில் ஊதா ஏறிய பவளக் கிளைகள்.
மீன்கள் ஐங்கரனுடையவை.
தண்ணீரின் கணக்குவழக்கு என்னுடையது.

ஞாயிறுதோறும் பத்து மில்லி எடுத்து
பொடியைக் கொட்டி, குமிழி வராமல் குலுக்கி
கருவிக்குள் வைத்து மூன்று நிமிடம் நிற்பேன்.
பாஸ்பேட்.
0.04. 0.05. பிறகும் 0.04.
தை நடுவில் ஒரு ஞாயிறு 0.24.
கண்ணாடிக்கு மீசை அரும்பியது.
பாறைக்குப் பச்சையாய்த் தலைமயிர்.

எலிஸ் அவென்யூக் கடையில் ரொமெல்
இரும்பு ஆக்சைடு மணிகளை நிறுத்துத் தந்தான்.
"துருதான் இது. காசு கொடுத்துத் துரு வாங்குகிற ஆட்கள் நாங்கள்."
சலவைத் தொட்டியில் கழுவினேன்.
குளிர்காலம் முழுக்கத் தெருவில் நின்ற காரின்
அடிவயிறு கரைந்து ஓடுவதுபோல் ஒரு சிவப்பு.
நாலாம் தண்ணீரில்தான் தெளிந்தது.
குழாய்க்குள் மணிகள் மேலாகக் கொஞ்சம் புரளவேண்டும்,
கஞ்சி கொதிக்கப்போகும் முன் அசைவதுபோல.
வேகம் கூடினால்
ஒன்றையொன்று அரைத்துத் தூளாகிவிடும்.

ஒரு கோப்பை போதும். நான் இரண்டு போட்டேன்.
வியாழன் 0.00.
ஓடிப்போய் ஐங்கரனுக்குக் காட்டினேன்.
"ம்" என்றான்.
அந்த வாரம் அவன் பேசியதில் அதுதான் நீளம்.
வெள்ளி காலை பவள நுனிகளில் ஊதா இல்லை.
எலும்பு.

"பாதியை எடுத்துவிடு" என்றான் ரொமெல்.
"கொஞ்சம் அழுக்கு இல்லாமல் அதுகளால் ஏலாது."
எடுத்தேன்.
பத்தே நாளில் 0.21.
"பாறையாயிருக்கும். வருஷக்கணக்காய் விழுங்கியதைத்
தண்ணீர் சுத்தமானதும் கக்கும்."
நம்பினேன்.
பாறையை நம்புவது சுலபம்.

பிறகு ஒருநாள் உறைபெட்டியில்
முருங்கைக்காய்ப் பொதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால்
இறால்குஞ்சுக் கட்டிகளின் தகடு.
முப்பது குழி. நாளுக்கு ஒன்று, நான் போடுவது.
முதலாம் தேதி பிரித்தது, இன்று பதினொன்று.
மிச்சம் நாலு.

பேருந்து ஆலை இரவு வேலையை நிறுத்தி
ஏழு வாரம்.
அவன் உடம்புக்கு இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.
மூன்று மணிக்கு நாலாவது படி முனகும்;
வெப்பக்குழாய் என்று திரும்பிப் படுத்திருக்கிறேன்.

அன்றிரவு பாதிப் படியில் நின்று பார்த்தேன்.
நீல வெளிச்சத்தில் வேலைச் சட்டையோடு ஐங்கரன்.
உள்ளங்கையில் கட்டியை உருக்கிக்கொண்டிருந்தான்.
மஞ்சள் மீன் விரலுக்கே வந்து வாங்கியது.
"இண்டைக்கும் ஒருத்தரும் கூப்பிடேல்லை"
என்று அதற்குச் சொன்னான்.
நாலாவது படியைத் தாண்டி மிதித்து
மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் அளவுக் கொப்பியில் 0.21க்குக் கீழே
அலுவலக அறிவித்தல்போல எழுதினேன்:
இரவில் யார் சாப்பாடு போட்டாலும் குறித்து வைக்கவும்.
இரண்டு நாள் வெறும் கோடு.
மூன்றாம் நாள் பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து:
3.10. அரைக் கட்டி.
அதற்குக் கீழே, இன்னும் சின்னதாக:
மஞ்சளுக்கும் நித்திரை இல்லை.

ஞாயிறு 0.13.
கூடுதல்தான்.
துருமணிகளைத் தொடவில்லை.
பென்சில் மொட்டையாகியிருந்தது, சீவி
கொப்பிக்குள்ளேயே வைத்தேன்.