ஊசிப் பதிவேடு

முதல் சனிக்கிழமை நூல் கிடையாது.
துணியும் கிடையாது.
பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து
வெறும் ஊசியால் கோட்டின்மேல் ஓட்டச் சொல்வேன்.
கோணினால் தாளே சொல்லிவிடும்.
சன்னலில் தூக்கிப் பிடித்து
அவரவர் ஓட்டைகளை
அவரவரே பார்த்துக்கொள்வார்கள்.

பீடோங் கடைவரிசையில்
இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி.
ஆ லியோங் வாடகை கேட்பதில்லை.
மகள் மெய் யீயும் வருகிறாள், கணக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது.
மெஷின் மூன்று, பிள்ளைகள் ஏழு.
காத்திருக்கும் நால்வருக்குக் குண்டூசி எண்ணும் வேலை.
வரும்போது நாற்பது என்றால்
போகும்போதும் நாற்பது.

மிதியின் அடியில்
பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
எவ்வளவு அழுத்தினாலும்
செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற வேகம்தான்.
ஊசிக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்பு டேப்.
விரல் அதைத் தாண்டக் கூடாது.

"தாண்டினா ராவணன் வருவானா டீச்சர்?"
துர்ஷினிக்கு வாய் அதிகம்.
"அவனாவது வாசல்ல நின்னு பிச்சை கேட்டுட்டு வருவான்.
ஊசி கேக்காது.
நிமிஷத்துக்கு எண்ணூறு தடவை வரும்."

நூல் கோக்கும்போது கேட்பேன்: கால் எங்கே?
தரையில்!
ஏழு குரலுக்கு மாடிப் பலகை அதிரும்.
கீழே ஆணி நிறுக்கிற தராசு
மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

என் இடது ஆள்காட்டி விரலில்
நகம் இரண்டு பாதியாகத்தான் வளரும்.
பிறவியிலேயே அப்படி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிறவி இல்லை.
சுங்கைப் பட்டாணித் தொழிற்பேட்டையில்
கார் இருக்கைக்கு உறை தைத்தபோது எனக்குப் பத்தொன்பது.
ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் வேண்டும் அங்கே.
அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் அடுத்த ஊசி.
சூப்பர்வைசர் காந்தத்தோடு வந்தார்.
உறையில் தேடினார், தரையில் தேடினார்.
நுனி மட்டும் இல்லை.
நுனி என் விரலுக்குள் இருந்தது.
கிளினிக்கிலிருந்து திரும்பியதும் முதல் கேள்வி:
"கொண்டு வந்தியா?"
கொண்டு வந்திருந்தேன்.
பஞ்சில் மடித்து.

ஆனாலும் நல்ல பழக்கம் அது.
குழந்தைச் சட்டைக்குள் முறிந்த நுனி போய்விடக் கூடாதே.
நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்:
தேதி, பெயர், ஊசி நம்பர், துண்டுகள்.

போன சனிக்கிழமை
கவினேஷ் எனக்குத் தெரியாமல் பஞ்சை உருவிவிட்டான்.
அப்பாவின் பழைய ஜீன்ஸ், நான்கு மடிப்பு.
துணியை முன்னால் பிடித்து இழுத்திருக்கிறான்.
டக்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
அவன் இரண்டு கையையும்
மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.
நான் வாயைத் திறந்தேன்.
வந்தது:
"துண்டு எங்க?"

என் குரல்தான்.
ஆனால் எனக்கு அந்தக் குரலை
வேறு ஓர் இடத்தில் தெரியும்.

அழுதுகொண்டே குனிந்து
வெறுங்கையால் பலகை இடுக்கைத் தடவ ஆரம்பித்தான்.
அந்தக் கையை எட்டிப் பிடித்து மேலே தூக்கினேன்.
திருப்பினேன். விரித்தேன்.
ஒவ்வொரு விரலாக, நகத்தை அழுத்தி அழுத்தி.
மூக்கொழுகியபடி அவனும் என்னோடு எண்ணினான்.
ஏழில் தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு என் நகத்தைக் காட்டினேன், எல்லாருக்கும்.
துர்ஷினிகூட ஒன்றும் சொல்லவில்லை.
சுவிட்சை அணைத்துவிட்டு வந்து
மெய் யீ மட்டும் கேட்டாள்:
"அப்புறமா புது ஊசி குடுத்தாங்களா?"
கொடுத்தார்கள்.

நோட்டில் ஸ்கேல் வைத்து
ஒரு கட்டம் கூட்டினோம், துண்டுகளுக்கு முன்னால்.

கவினேஷ். பதினாறாம் நம்பர்.
விரல் பத்து, கிடைத்தது பத்து.
துண்டு மூன்று, கிடைத்தது இரண்டு.

மூன்றாவதை இன்னும் தேடுகிறோம்,
ஆ லியோங்கின் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு,
எல்லாரும்
செருப்புப் போட்டுக்கொண்டு.